ஐந்நூறு ரூபாய்க்கு வந்த பிள்ளை

மடவளைக்கு வந்து ரிப்கா வீடு எது என்று கேட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் குடும்பத்திலேயே ரிப்கா மூன்று பேர். 'பேச்சு மிஸ் வீடு' என்று கேட்க வேண்டும். அப்போது பள்ளிவாசலடியில் நிற்கிற எவனும் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடுவான்.

இவள் என் கூடப் பிறந்த மூத்த நானா மஹ்மூதின் மூத்த மகள். நானா கட்டிய சகீனா மதினியும் அந்நியம் இல்லை. மதினியின் உம்மாவும் என் உம்மாவும் ராத்தா தங்கச்சி பெற்ற மக்கள். ஆக, இவள் எனக்கு இரண்டு பக்கத்தாலும் சொந்தம். நானா மௌத்தான பிறகு அந்த வீட்டில் மதினி, ரிப்கா, இளையவள் பஸ்னா என்று மூன்று பொம்பிளைகள்தான். ஏதாவது ஒன்று என்றால் "சாச்சா" என்று என் வாசலுக்குத்தான் வருவார்கள். அந்தத் திங்கட்கிழமை காலையும் பஸ்னா அப்படித்தான் ஓடி வந்தாள். காலில் செருப்பு இல்லை.

"சாச்சா, ராத்தாவ பொலிஸுக்கு வரச் சொல்லீக்கி. பிள்ளய வெலைக்கு வாங்கினாவாம்."

அது என்ன கதை என்று சொல்ல முதல் ரிப்காவின் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பயம் எந்த வழியால் வீட்டுக்குள் வந்தது என்று விளங்காது.

பேச வேண்டிய வயதில் பேசாத பிள்ளைகளைப் பேச வைப்பதுதான் அவள் வேலை. கொழும்புப் பக்கம் கம்பஸில் நாலு வருஷம் அதைப் படித்தாள். படித்து முடித்து வந்த அன்று மதினியின் நானா ரஸீன் வந்திருந்தார். கண்டி டவுனில் புடவைக் கடை வைத்திருக்கிற மனிதர். எதைக் கண்டாலும் விலை போட்டுப் பார்ப்பார்.

"அப்ப மகள் டொக்டரா?"

"இல்ல மாமா."

"நேர்ஸா?"

"அதுவும் இல்ல."

"பின்ன நாலு வருஷம் என்னத்தப் படிச்ச? சரி, அத விடு. ஒரு பிள்ளைக்கு ஆயிரத்து ஐநூறு வையி. நாளைக்கு இருபது பிள்ளை. மாசத்துக்குப் பாத்தா... அடேயப்பா, என்ட கடைய வித்துட்டு ஒனக்கிட்ட கிளாக்கரா வாரன்!"

"ஒரு பிள்ளையோட முக்கால் மணித்தியாலம் நெலத்தில குந்தி ஈக்கணும் மாமா. பூனை மாதிரி, லொறி மாதிரியெல்லாம் கத்தணும். ஆறாவது பிள்ளைக்கு என்ட தொண்டை ஈக்காது."

மாமாவின் கணக்கு அன்றோடு படுத்தது. அரசாங்க நியமனம் வரும் வரும் என்று பார்த்திருந்தாள், வரவில்லை. டவுனில் ஒரு தனியார் நிலையத்தில் சேர்ந்தாள். அங்கே பிள்ளை வந்தால்தான் காசு. அதிலும் பாதி நிலையத்துக்காரருக்கு. மழை பெய்தால் பிள்ளை வராது, பெரஹெர ஊர்வலக் காலத்தில் பாதை மூடினால் பிள்ளை வராது, பிள்ளைக்குச் சளி பிடித்தால் வராது. கூடப் படித்தவள் ஒருத்தி கத்தாரில் பத்து மடங்கு எடுக்கிறாள் என்று ரஸீன் மாமா வருகிற நேரமெல்லாம் சொல்லுவார். ரிப்கா போகவில்லை. தமிழில் இந்த வேலை பார்க்கிறவர்கள் இந்த மலைப் பக்கம் கைவிரலுக்குள் அடங்குவார்கள். சொந்தமாக ஒரு அறை போட்டால் வீட்டையும் பார்க்கலாம், பிள்ளைகளையும் பார்க்கலாம் என்று, கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட ஒரு மருந்துக் கடையின் மேல் மாடியை வாடகைக்கு எடுத்தாள். பஸ்னா வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தாள்.

அங்கேதான் தெல்தோட்டைப் பிள்ளை வந்தது.

தாய் கிருஷாந்தி தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். தகப்பன் மோகனராஜ் தெல்தோட்டைக் கடைவீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான். முதல் இரண்டு பிள்ளையும் ஒரு வயது நிறைய முதலே செத்துவிட்டன. மூன்றாவது இந்தச் சுகிர்தா. நாலு வயது ஆகப் போகிறது, வாயில் ஒரு சொல் இல்லை. இரண்டு பஸ் மாறி வருவார்கள். ரிப்கா அவர்களிடம் பாதிக் காசுதான் எடுத்தாள். பஸ் காசுக்கென்று ஏதாவது கொடுக்கப் பார்த்தால் மோகனராஜ் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான்.

ரிப்காவின் வேலையை ஒரு நாள் நான் பார்த்திருக்கிறேன். சவர்க்காரத் தண்ணீர்ப் போத்தல் ஒன்று வைத்திருப்பாள். ஒரு தரம் ஊதுவாள். குமிழி பறக்கும், பிள்ளை துள்ளும். உடனே மூடியை இறுக்கி, போத்தலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி சும்மா இருப்பாள். "சொல்லு" என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். பிள்ளை சிணுங்கும், கையைப் பிடித்து இழுக்கும், உருண்டு அழும். இவள் இருப்பாள். பார்க்கிற எனக்கு மூச்சு முட்டியது. ஊதிவிடேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

ஏழெட்டு மாசம் அப்படி இருந்ததில் ஒரு நாள் சுகிர்தா "ஊது" என்றது.

அடுத்த கிழமை கிருஷாந்தி குளித்து, பூ வைத்து, பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டுக் கொண்டு வந்தாள். பஸ்னாவுக்குச் சந்தோஷம். "ராத்தா, இப்ப யாரும் போர்ட் பாத்து வாரல்ல. பேஸ்புக்கில போட்டாத்தான் வருவாங்க" என்று தாயிடம் கேட்டுவிட்டுப் போனைத் தூக்கிப் பிடித்தாள். அறையின் வாடகையாவது ஒழுங்காகக் கட்டுப்படட்டும் என்று ரிப்காவும் தடுக்கவில்லை.

கிருஷாந்தி பிள்ளையைத் தூக்கி ரிப்காவின் மடியில் வைத்தாள்.

"மிஸ், மறுக்கக் கூடாது. இவளத் தவிட்டுக்கு வாங்கிக்கங்க."

"என்னத்துக்கு?"

"தவிட்டுக்கு மிஸ். ஒரு பிடி தவிடு குடுத்தாப் போதும். எங்க வழக்கம்."

அந்த வழக்கம் ரிப்காவுக்குத் தெரியாது, எனக்கும் அன்றைக்குத் தெரியாது. பின்னால் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெற்ற பிள்ளைகள் தங்காத வீட்டில், தங்குகிற பிள்ளையை வேறு ஒருவருக்குத் தவிட்டுக்கு விற்பார்கள். வளர்ப்பது பெற்றவர்கள்தான். ஆனால் பேருக்கு அது வாங்கினவரின் பிள்ளை. ஒரு பிடி தவிடுதான் இதன் விலை, இது பெறுமதி இல்லாத பிள்ளை என்று கண்ணூறும் காலனும் திரும்பிப் போய்விடுமாம். சுகிர்தா பிறந்தபோது ஆஸ்பத்திரி, கொரோனா என்று அது விட்டுப்போயிற்று. இப்போது பேச்சும் வந்துவிட்டது. நாலு பேர் கண் படும். கைராசிக்கார மிஸ்ஸுக்கே விற்றுவிடுவோம் என்று வந்திருக்கிறார்கள்.

கட்டுகஸ்தோட்டையில் மாடி அறையில் தவிட்டுக்கு எங்கே போவது? பஸ் காசு கொடுக்க இதுதான் சாட்டு என்று ரிப்கா நினைத்துவிட்டாள். மேசை லாச்சியைத் திறந்து ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்துச் சிரித்துக்கொண்டே கிருஷாந்தியின் கையில் வைத்தாள்.

"தவிடு இல்ல. இதப் புடிங்க. பிள்ள இனி எனக்கு, சரியா?"

கிருஷாந்தியின் முகம் செத்துப்போனதைப் பஸ்னா பார்த்திருக்கிறாள். வெட்கம் என்று நினைத்தாளாம். மிஸ் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கத் தெரியாமல் அவர்கள் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. அன்றைக்கே பஸ்னா வீடியோவைப் போட்டாள். பிள்ளை "ஊது" என்று சொல்வதிலிருந்து எல்லாம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவன் முன்னையும் பின்னையும் வெட்டிவிட்டான். தாய் பிள்ளையை மடியில் வைக்கிறாள், முக்காடு போட்ட ஒருத்தி காசு கொடுக்கிறாள், "பிள்ள இனி எனக்கு" என்கிறாள். அவ்வளவுதான் மிச்சம். மேலே மூன்று மொழியிலும் எழுதியிருந்தது: கண்டியில் பிள்ளையின் விலை ஐந்நூறு.

திங்கட்கிழமை நான் போனபோது ரிப்காவின் போன் மேசையில் கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. முதலில் எடுத்ததில் ஒருவன், "பொம்பிளைப் பிள்ளை எவ்வளவு, ஆம்பிளைப் பிள்ளை எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறான். வர இருந்த பிள்ளைகளின் தாய்மார் ஒவ்வொருவராக, சளி, காய்ச்சல், வீட்டில் விசேஷம் என்று செய்தி அனுப்பிவிட்டார்கள். மருந்துக் கடைக்காரர் போர்ட்டைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். "கோவிக்க வேணாம் மிஸ். எனக்குக் கீழ கண்ணாடி ஈக்குது" என்றாராம். எதிர்ப் பக்கம் நடைபாதையில் ஒருவன் போனை மாடிக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றானாம். யார் என்று தெரியாது. எங்களைப் போன்றவர்களுக்கு அது போதும். திகனப் பக்கம் முஸ்லிம் கடைகளை எரித்த அந்த மார்ச் மாசம் மஹ்மூத் நானா விளக்கை அணைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் கதிரையைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதே கதிரையை மதினி இப்போது பட்டப்பகலில் கதவுக்கு இழுத்து வைத்திருந்தாள்.

பொலிஸிலிருந்து தன்மையாகத்தான் பேசியிருந்தார்கள். புதன்கிழமை பிள்ளையின் தாய் தகப்பனோடு வந்து விளக்கம் சொல்ல வேண்டும். அவர்கள் வந்து உள்ளதைச் சொன்னால் எல்லாம் சரி. வராவிட்டால் அறையும் போகும், பேரும் போகும், ஆளையும் உள்ளே வைப்பார்கள். அந்த வீட்டில் உலை கொதிப்பது அவள் தொண்டையால்தான். மோகனராஜின் போனோ ஞாயிறு தொட்டே ஓஃப்.

"கத்தாருக்குப் போயிருந்தா இந்த வம்பு ஈக்குதா?" என்றார் ரஸீன் மாமா.

"இப்ப போக ஏலுமா மாமா? பாஸ்போட்ட எடுத்தாலே ஓடப் பாக்குறா எண்டு செல்லுவாங்க" என்றாள் ரிப்கா.

செவ்வாய்க்கிழமை நானும் அவளும் தெல்தோட்டைக்குப் புறப்பட்டோம். அவள் மாஸ்க் போட்டு, தலையைக் குனிந்து, ஜன்னல் பக்கம் ஒடுங்கியிருந்தாள். பேராதனை தாண்டிக் கலஹாவுக்கு ஏறுகிற வளைவில், முன் சீட்டுப் பொடியன் போனில் என்னவோ பார்த்துக்கொண்டு வந்தான். திடீரென்று அதிலிருந்து எங்கள் ரிப்காவின் குரல் கேட்டது. "பிள்ள இனி எனக்கு, சரியா?" பொடியன் திரும்பவும் போட்டான். திரும்பவும் கேட்டது. பக்கத்தில் இருந்தவர், "இதுகளையெல்லாம் கட்டி வச்சு அடிக்கணும்" என்றார். ரிப்கா என் சட்டைக் கையைப் பிடித்த பிடியில் பொத்தான் ஒன்று தெறித்தது. பஸ் முழுக்க எங்களைப் பார்ப்பது போல இருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை.

தோட்டத்து லய வீடுகளுக்கு ஏறும்போது முதலில் கண்டது மோகனராஜின் தாய் அங்கம்மாவைத்தான். குழாயடியில் குடம் வைத்துக்கொண்டிருந்தவள் ரிப்காவைக் கண்டதும் குடத்தை விட்டுவிட்டு ஓடினாள்.

"ஏ கிருஷாந்தி! கதவச் சாத்து! அவங்க வந்துட்டாங்க!"

கதவு படீரென்று சாத்துப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அக்கம்பக்கத்துக் காம்பராக்களிலிருந்து ஆள் வந்து கூடிவிட்டது. மோகனராஜ் படியில் வந்து குறுக்கே நின்றான். கோபம் இல்லை அவனுக்கு. பயம்தான்.

"மிஸ், உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். புள்ளயக் கேட்டுறாதீங்க."

"நான் ஏன் கேக்கப் போறன்?"

"காசு குடுத்தீங்களே" என்றாள் அங்கம்மா. "தவிட்டுக்கு வித்தா புள்ள எங்களுது. காசுக்கு வித்தா வாங்குனவங்களுது. அன்னைக்கு ராத்திரியே புள்ளைக்குக் காய்ச்சல். நாலு நாளா வாயே தொறக்கல. வந்த பேச்சும் போயிருச்சு. எங்க தாயி மாரியாத்தா நாக்கக் கட்டிட்டா."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. பொலிஸுக்குப் பயந்து நாங்கள் கீழே நடுங்க, எங்களுக்குப் பயந்து அவர்கள் மேலே நடுங்கியிருக்கிறார்கள். போனை அணைத்து வைத்ததும் ரிப்கா பிள்ளையைக் கேட்டு எடுத்துவிடுவாள் என்றுதான்.

ரிப்கா படியிலேயே உட்கார்ந்தாள். தண்ணீர் குடிக்கப் பையில் கையை விட்டாள். கைக்கு வந்தது அந்தச் சவர்க்காரப் போத்தல். கூட்டத்தில் ஒருவன், "பாருங்கடா, ஆச காட்டிக் கூப்புடப் போகுது" என்றான். இவளோ போத்தலை ஊதவும் இல்லை, உள்ளே வைக்கவும் இல்லை. மடியில் பிடித்தபடி வழக்கம் போலச் சும்மா இருந்தாள்.

ஜன்னல் பலகை இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. பிறகு குரல் வந்தது.

"மிஸ், ஊது."

நாலு நாளைக்குப் பிறகு வந்த பேச்சு. அதுவும் இரண்டு சொல் சேர்த்து. உள்ளே கிருஷாந்தி ஓவென்று அழுகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் எடுபட்டது.

அதற்குப் பிறகு அங்கம்மா நிற்கவில்லை. கோழிக்கு வைத்திருந்த தவிட்டைச் சுளகோடு கொண்டு வந்தாள். சாமிப் படத்துக்குப் பின்னால் மடித்தபடி இருந்த ஐந்நூறு ரூபாயை முதலில் ரிப்காவின் கையில் திருப்பிக் கொடுத்தாள். ரிப்கா என்னைப் பார்த்தாள். நம் மார்க்கத்தில் இதற்கு இடம் உண்டா என்று கேட்கிற பார்வை.

"கோழித் தீனிதானே மகள். குடு" என்றேன்.

ஒரு பிடி அள்ளிக் கிருஷாந்தியின் முந்தானையில் போட்டாள். எல்லாருக்கும் மூச்சு வந்தது. மோகனராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இனி பீஸ் எப்புடிங்க மிஸ்?" என்றான்.

"என்ன எப்புடி?" என்று அங்கம்மா பாய்ந்தாள். "அவங்க புள்ளைக்கு அவங்களே பீஸ் கேப்பாங்களாக்கும்!"

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் ரிப்கா சிரித்தாள். ரஸீன் மாமா கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

நாளைக்குப் பொலிஸுக்கு வர ஒத்துக்கொண்டார்கள், பயம் அதோடு விட்டதென்று நினைத்தேன். புறப்படுகிற நேரம் அங்கம்மா மருமகளின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. "இனி யாரு கேட்டாலும் தவிட்டுக்கு வித்த புள்ளன்னுதான் சொல்லணும். எம் புள்ளன்னு வாயால சொன்னியோ, கட்டு அவுந்துரும்."

நாளைக்குப் பொலிஸில் கேட்கப் போவதே அதுதானே! ரிப்காவிடம் சொன்னேன். "கிருஷாந்திக்கு விஷயத்த விளங்கப்படுத்து. என்ன சொல்லணும் எண்டு சொல்லிக் குடு" என்றேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"சொல்லிக் குடுத்தது வாயில வந்தா அது சொல்லிக் குடுத்த மாதிரித்தான் ஈக்கும் சாச்சா. பொலிஸுக்கு அது விளங்கும். அதோட, நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்டு எண்டா நான் சொல்ல வச்சதாலதான் எண்டு அந்தப் பொம்பிள சாகும் வரைக்கும் நெனைக்கும்."

புதன்கிழமை பொலிஸில் எல்லாரும் ஒரு நீட்டு மர வாங்கில் வரிசையாக இருந்தோம். பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்க, தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ் பெண் திருப்பிச் சொன்னாள். வெட்டாத வீடியோவைப் பஸ்னா காட்டினாள். மோகனராஜ் தவிட்டு வழக்கத்தைச் சொன்னான். அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாயைத்தான் பார்த்தார்.

"இந்தப் பிள்ளை யாருடைய பிள்ளை?"

கிருஷாந்தி வாயைத் திறந்தாள். மூடினாள்.

மின்விசிறி கிறீச்சிட்டது. பிள்ளை மடியில் இருந்து தாயின் தாலிக்கொடியைச் சப்பிக்கொண்டிருந்தது. அதிகாரியின் புருவம் மேலே போனது. பொலிஸ் பெண் திரும்பவும் கேட்டாள், "சொல்லுங்க தங்கச்சி, யாருட பிள்ள?" போன இரண்டு பிள்ளையும் அவள் கண் முன்னால் வந்திருக்கும். ஒரு வார்த்தை சொன்னால் இவளும் போய்விடுவாள் என்று அவளுக்கு. அந்த வார்த்தையைச் சொல்லாவிட்டால் என் நானா மகள் இந்தக் கதவால் வெளியே போக மாட்டாள் என்று எனக்கு. நான் எழும்பப் போனேன். ரிப்கா என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். கிருஷாந்தியின் முகத்தைப் பார்த்தபடி அவள் சும்மா இருந்தாள். போத்தலைப் பிடித்துக்கொண்டு இருக்கிற அதே இருப்பு. ஆனால் என் முழங்காலில் இருந்த கை ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது.

"எம் புள்ள சார்" என்றாள் கிருஷாந்தி. சொல்லிவிட்டுப் பிள்ளையின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "நாந்தான் பெத்தேன். மிஸ் ஒண்ணும் வாங்கல. பேச்சுதான் குடுத்தாங்க."

அதிகாரி எழுதினார். கையெழுத்து வாங்கினார். வீடியோவை வெட்டினவனைத் தேடுவதாகச் சொன்னார். தேடினார்களோ தெரியாது.

வெளியே வந்து, வாகைமர நிழலில் கிருஷாந்தி நின்றுவிட்டாள்.

"மிஸ், வாயால சொல்லிட்டேன். இவளுக்கு ஒண்ணும் ஆவாதே?"

எந்தத் தாய் கேட்டாலும் ரிப்கா வாக்குக் கொடுக்க மாட்டாள். பிள்ளை எப்போது பேசும், நல்லாகுமா என்று எத்தனை பேர் அழுது கேட்டிருக்கிறார்கள். சொல்ல ஏலாது, பார்ப்போம் என்றுதான் சொல்லுவாள். காசு கூட வாங்க ஆசைப்படுகிறவர்கள்தான் வாக்குக் கொடுப்பார்கள் என்பாள். அன்று வாயைத் திறந்து, அவளும் மூடினாள். பிள்ளையை வாங்கி நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்ல" என்றாள். "அந்திக்கு நான் போன் எடுக்கிறன். ஓஃப் பண்ண வேணாம்."

போர்ட்டைத் திரும்ப மாட்ட ஒரு மாசம் போயிற்று. விட்டுப்போன பிள்ளைகளில் பாதிதான் வந்தது. எதிர் நடைபாதையைப் பார்க்காமல் அவள் இன்றைக்கும் ஜன்னல் சீலையை விலக்குவதில்லை. தெல்தோட்டைப் பிள்ளையிடம் காசு எடுப்பதும் இல்லை.

ஒவ்வொரு அந்தியிலும் மஃரிப் தொழுதுவிட்டு, பிள்ளைக்குச் சுகமா என்று கேட்கக் கிருஷாந்திக்குப் போன் எடுக்கிறாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். யாராவது எடுக்கும் வரைக்கும் அவள் முகத்தை மதினியும் பார்க்க மாட்டாள், நானும் பார்க்க மாட்டேன்.